கைப்பேசிக்குள்ளே காவற்காரன்



கதவைத் தாழிட்டு அடித்தான் அன்றைய கொடியவன். இன்றைய கொடியவனோ கதவைத் திறந்துவிட்டு, அவள் கைப்பேசிக்குள்ளே காவல் இருக்கிறான்! யாரை அழைத்தாள், எதைத் தேடினாள், எந்தத் தெருவிலே நிற்கிறாள் – அத்தனையும் அவன் அறிவான்.

“181 என்ற எண்ணை அழைக்கட்டுமே” என்கிறோம், எளிதாக. அழைத்த எண் பதிவாகி நிற்குமே! அழித்துவிடலாம் என்பீர்கள். ஒரே நாளில் எல்லாம் அழிந்திருந்தால் ஐயம் எழாதா? கடவுச்சொல்லை மாற்றினால் அன்றிரவே அடி விழாதா?

ஆகவே, அந்த அழைப்பு அண்டை வீட்டு அம்மையாரின் கைப்பேசியிலிருந்து போகட்டும். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் – நம்பத்தக்க இல்லத்திலே முன்கூட்டியே சேரட்டும். புறப்படும் நாளை அவளே குறிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள், பிரியும் வேளைதான் பேராபத்து வேளை!

வீடு அவள் பெயரில் இல்லாவிடினும் அங்கே வாழும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். இதை அறியாமல், “குடும்ப விவகாரம், நமக்கேன்?” என்கிறார் ஒரு கிளைச் செயலாளர் – பெண்ணுரிமை மாநாட்டுக்குப் பந்தல் போட்டவர்!

நாளை ஒரு சகோதரி உங்கள் வாயிலுக்கு வருவாள். துணைவியாரின் கைப்பேசியை அவளிடம் தரச் சொல்லிவிட்டு, நீங்கள் திண்ணைக்குப் போய்விடுங்கள்.