ஒட்டும் மருந்தும் ஐயமற்ற கணக்கும்

தோலின்மேல் ஒட்டி, அதன் வழியே மருந்தை உடலினுள் செலுத்தும் பிளாஸ்திரிகளை நாம் அறிவோம். புகைப்பழக்கத்தை விடுவோர் அணியும் நிக்கோட்டின் பிளாஸ்திரி அவற்றுள் ஒன்று. அது தோலினின்று பெயர்ந்தால், உட்செல்லும் மருந்தும் குறையலாம். ஆதலின், மலிவாக வரும் புதிய பிளாஸ்திரி, முன்னரே விற்பனையிலுள்ள பிளாஸ்திரியைவிட ஒட்டுவதில் தாழ்ந்ததன்று என மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

இதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் வெளியிட்ட வரைவு நெறிமுறை ஒரு வழி கூறிற்று. நூற்றுக்கு 90 பங்கேனும் ஒட்டியிருந்தால் மதிப்பெண் 0. முற்றும் விழுந்துவிட்டால் 4. எண் ஏற ஏற ஒட்டுதல் குறைவு என்பது பொருள். புதியதன் சராசரி மதிப்பெண் பழையதைவிட எவ்வளவு மிகக்கூடும் என்பதற்கு, 95 விழுக்காடு நம்பிக்கையுடன் ஒரு மேல் எல்லை காண்பர். அவ்வெல்லை 0.15-ஐத் தாண்டலாகாது.

“வேறுபாடு தென்படவில்லை” என்றால் போதாதா? போதாது. சிலரிடம் மட்டுமே சோதித்தால், பெரிய வேறுபாடும் கண்ணுக்குத் தப்பிவிடும். இம்முறையிலோ, ஆட்கள் குறைந்தால் ஐயம் பெருகி எல்லை உயரும். பிளாஸ்திரி தேறுவது அரிதாகும். ஐயத்தின் சுமை அணிபவர்மீது விழாமல், விற்பவரையே சாரும். மலிவு விலையை நாம் வரவேற்போம். அதனுடன் சான்றையும் கேட்போம்.