திருகின் தலையும் விமானத்தின் தோலும்



கெலாங் பாத்தா கடலோரத்தில் மீனவர்களின் பைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற கண்ணாடி இழைத் துணியும் பிசினும் கொண்டு விமானமும் செய்யலாம். அமெரிக்கரான பர்ட் ரூட்டான் வடிவமைத்த ‘லாங் ஈஸி’ விமானம் 1979-இல் பறந்தது. அவருடைய வரைபடங்களை வாங்கிப் பலர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே அதைக் கட்டினார்கள். 1980-களில் பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தில் ருஸ்தம் தமானியாவின் குழுவினரும் அதே அமைப்பில் ஒரு விமானம் செய்து பறக்கவிட்டனர்.

இதன் உடல் எப்படிப்பட்டது? நடுவே இலேசான நுரைப்பலகை. அதன் இருபுறமும் பிசினில் தோய்த்த கண்ணாடித் துணி. இந்தத் தோல் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது.

மூடிகளையும் கீல்களையும் பொருத்தும் திருகுகளின் தலை வெளியே துருத்தக் கூடாது. சிறு மேடும் காற்றின் சீரான ஓட்டத்தைக் கலைத்துவிடும். லாங் ஈஸியின் முன்சிறகில் மழைத்துளிகள் படிந்தாலே அதன் தூக்கும் ஆற்றல் குறைந்து மூக்கு தாழ்ந்தது. பின்னர் அச்சிறகின் வடிவத்தையே மாற்றினார்கள் என்றால் பாருங்கள்!

ஆகவே, துளையின் வாயைப் புனல்போல் விரித்துத் திருகின் தலையை உள்ளே அமிழ்த்த வேண்டும். சிக்கல் இங்கேதான். மெல்லிய தோலை விரித்தால் பலம் தரும் இழைகளே அறுந்துவிடும். திருகை முறுக்கினால் நுரை நசுங்கும். இன்று இறுக்கமாக இருப்பது நாளை அதிர்வில் தளரும்.

இதற்கு வழி என்ன? திருகு வரும் இடத்தில் முதலில் நுரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பஞ்சுத் துகளைப் பிசினில் களிப்பதமாகக் கலந்து அக்குழியை நிரப்ப வேண்டும். பளு மிகுந்த இடமானால் அலுமினியத் தகடு பதிக்க வேண்டும். அதன்மேல் கூடுதலாகச் சில அடுக்குத் துணி ஒட்டி, நன்றாக இறுகிய பிறகே துளையிட வேண்டும். திருகின் தலைக்கடியில் கிண்ணம் போன்ற வளையத்தை வைத்தால் அழுத்தம் பரவலாகும்.

படகுக்கும் இதே பாடம்தான். அடியில் பலகை உள்ள இடத்தில் துளையிட்டால் துளையின் உட்சுவரைப் பிசினால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீர் கசிந்து பலகை உளுத்துப்போகும். இழையைத் தேய்க்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக் காத்துக்கொள்ளுங்கள்.

வழுவழுப்பான மேற்பரப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும். உள்ளே நிரப்பிய பிசின் செய்தவருக்கு மட்டுமே தெரியும். பறப்பவரின் உயிரோ அதை நம்பியே இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.