கழுகுமலையில் எண்ணத் தொடங்கிய சிறுவன்

(மகாவீரர் ஜெயந்தி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கழுகுமலைக்கு யாத்திரை சென்று தீர்த்தங்கரர் திருமேனிகளை வணங்கி வந்தோர் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். அவர்களிடம் ஒரு வினா. புறப்பட்ட அன்று வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் பேருந்தில் ஏறினார்களா? பேச்சு வாராத பிள்ளை, கூட்டத்தைக் கண்டால் அலறும் பிள்ளை, அடுத்த வீட்டுப் பாட்டியிடம் விடப்பட்டதுண்டா?

கழுகுமலைக்கு அண்மையில் கரிசல் மண் சூழ்ந்த ஊர் இளையரசனேந்தல். அவ்வூர்க் குடும்பம் ஒன்றின் செய்தி ஈண்டுச் சொல்லத்தக்கது. அவர்கள் சமணர் அல்லர். பேரனுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம் உடையவன். பேசுவது சில சொற்களே. எண்ணுவது மட்டும் ஓயாது. ஓட்டு வரிசை, சன்னல் கம்பி, கொடியில் காயும் துணி எதையும் எண்ணாமல் விடான்.

ஒரு விடுமுறையில் அவனை நகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றனர். பள்ளிப் பிள்ளைகள் திரண்டிருந்த நாள் அது. கூடத்தின் எதிரொலி தாங்காமல் சிறுவன் காதைப் பொத்தினான். பின்னர் கற்சிலை ஒன்றை இரு கையாலும் பற்றிக்கொண்டான். காவலர் அதட்டினார். சிறுவன் அலறினான். சுற்றி நின்றோர் தாயை நோக்கிய நோக்குத்தான் அதட்டலினும் கொடிது. அதன்பின் ஈராண்டுகள் அவன் எங்கும் அழைத்துச் செல்லப்படவில்லை.

காவலரையும் முற்றாகக் குறை கூறுவதற்கில்லை. சிலையைக் காப்பது அவர் கடமை. குறை எங்கெனில், தொடாமல் அறிய இயலாத பிள்ளைக்கென அங்கே ஒரு மாதிரியுரு இல்லாமைதான். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ‘அனுபவ்’ என்னும் தொட்டுணரும் காட்சிக்கூடம் இதற்கென்றே அமைந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, கலையும் பண்பாடும் அவர்களுக்கும் உரியன என்கிறது. சட்டம் வந்துவிட்டது, மண்ணால் செய்த மாதிரியுரு ஒன்று வருவதற்குத்தான் இத்தனை காலம்.

சிறுவனுக்குப் பயிற்சி அளித்த சிறப்பு ஆசிரியை ஒருவர், “பெரிய கட்டடம் இப்போது வேண்டாம், கழுகுமலையில் தொடங்குங்கள்” என்றார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981இல் தோன்றிய அமர் சேவா சங்கம் போன்றவற்றின் தொண்டால், இத்தகைய வழிகாட்டல் இன்று சிற்றூர்களுக்கும் எட்டுகிறது. ஆசிரியை சொற்படி, ஒரு திங்கள் முன்னரே மலையின் படங்கள் சுவரில் ஒட்டப்பட்டன. பேருந்து, படிக்கட்டு, பாறை, திரும்பி வீடு என்ற வரிசையில் நாள்தோறும் தாய் அவற்றைக் காட்டினாள். பார்க்க வேண்டியவை மூன்றே என்று வரையறுத்தார்கள்: பார்சுவநாதர், பாகுபலி, தருமதேவி. வேண்டாம் என்று அவன் கை காட்டினால் அக்கணமே இறங்குவது என்பதும் உடன்பாடு.

பாறை சுடுமுன் காலையிலேயே ஏறினர். தருமதேவியின் அருகிலுள்ள சிங்கத்தைக் கண்டு சிறுவன் சிரித்தான். பாகுபலியை ஏறிட்டும் பார்க்கவில்லை. திட்டமிட்ட மூன்றையும் விட்டு, வரிசை வரிசையாகச் செதுக்கிய சிறு தீர்த்தங்கரர் உருவங்களின் முன் அமர்ந்து எண்ணத் தொடங்கினான். இடையில் தவறும், முதலிலிருந்து தொடங்குவான். தாத்தா அவசரப்படுத்தவில்லை.

கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அவ்வுருவங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் தொகை ஏறத்தாழ நூறு. செய்வித்தோர் அரசர் அல்லர். திருச்சாரணத்துக் குரத்தியார் போன்ற ஆசிரியைகளும், துறவியரும், தச்சர், குயவர் முதலான எளியோரும் ஆவர். பிறர் பொருட்டுச் செய்வித்தனவும் உண்டு. சிறுவன் ஓர் உருவத்தைச் சுட்டி, “பேரு?” என்றான். அவன் தானாக வினவியது அதுவே முதன்முறை. வட்டெழுத்து அறியாத தாத்தா, “இது ஒரு தச்சரு செஞ்சு வச்சதுய்யா” என்றார். அடுத்ததைச் சுட்டினான். “இது ஒரு டீச்சரம்மா.” எந்த உருவத்துக்கு எந்தப் பெயர் என்பதில் தாத்தா பிழைத்திருக்கலாம், அறிஞர்கள் பொறுத்தருள்க.

ஆதிநாதர் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஆதிபுராணம் கூறும். இதை மேடைதோறும் சொல்கிறோம். வீட்டில் மட்டும், எழுத்து வாராத பிள்ளைக்கு ஒன்றுமே வாராது என்று முடிவுகட்டுகிறோம்.

வீடு திரும்பியதும் சிறுவன் களிமண்ணில் சிற்றுருவங்கள் பிடித்துத் திண்ணையில் வரிசையாக வைத்தான். சில மாதங்களுக்குப் பின், கூட்டமில்லாத ஒரு காலையில், அதே அருங்காட்சியகத்துக்கு மீண்டும் சென்றனர். ஒரே ஒரு சிலை. களிமண் உருவம் ஒன்று அவன் கையில். பன்னிரண்டு நிமிடம் நின்றான். பிறகு வாயிலைக் காட்டினான். வெளியே வந்துவிட்டனர். நுழைவுச்சீட்டு வீணாயிற்றே என்று தாய் வருந்தவில்லை.

இவ்விழா நிறைவில் அடுத்த யாத்திரைக்குப் பெயர் பதிவு நடைபெறும். வீட்டில் விட்டுச்செல்ல எண்ணிய பிள்ளையின் பெயரைத் தாய்மார்கள் முதலில் எழுதுக. அப்பிள்ளைக்குச் சன்னலோர இருக்கை ஒதுக்குமாறும், கழுகுமலையில் இறங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்த குரலில் பாடத் தொடங்காது சற்றே பொறுக்குமாறும் யாத்திரைக் குழுவினரைக் கேட்டுக்கொண்டு இவ்வுரை அமைகிறது.