விண்வெளிப் பொறியியலும் நம் வீட்டுப் பெண்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விண்வெளிப் பொறியியல் துறையில் பெண்களின் கல்வியும் பணியும் என்பது நமக்குத் தரப்பட்டுள்ள பொருள். அடிவாரத்துச் சேரிகளிலும் மலைமேல் ஊர்களிலும் பள்ளிக்குச் செல்லும் பாதையே இன்னும் சீர்படாத நிலையில், விண்ணைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான வினாவே அது. அதற்குரிய விடையை நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. இந்த ஜவ்வாது மலையிலேயே அது இருக்கிறது.

ஆலங்காயத்தை அடுத்த காவலூரை நம்மில் பலர் அறிவர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே வெண்ணிறக் கூண்டுகள் தெரிகின்றன அல்லவா? அதுவே வான ஆய்வுக்கூடம். நகரத்து விளக்கொளி எட்டாத இருண்ட வானம் வேண்டுமென்று இடம் தேடிய வானியல் அறிஞர் வைணு பாப்பு, நம் மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968 ஆம் ஆண்டு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கிற்று. யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் உண்மை 1977 மார்ச் 10 அன்று உலகின் சில இடங்களில் கண்டறியப்பட்டபோது, அவ்விடங்களுள் காவலூரும் ஒன்றாக இருந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 சனவரி 6 அன்று பிரதமர் இராசீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1982 இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

இந்த ஆய்வுக்கூடத்தை நடத்துவது பெங்களூருவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அதே நிறுவனம் உருவாக்கிய கருவி ஒன்று, இன்று பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று சூரியனை நோக்குகிறது. ஆதித்யா-எல்1 என்னும் விண்கலத்தின் முதன்மைக் கருவி அது. சூரியனின் ஒளிமிக்க வட்டத்தைத் தடுப்பொன்றால் மறைத்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவளையத்தை அது படம் பிடிக்கிறது. எதிரே வரும் பேருந்தின் விளக்கொளியைக் கையால் மறைத்துக்கொண்டு சாலையோரத்தைப் பார்க்கிறோமே, அதைப் போன்றது. முழுச் சூரிய கிரகணத்தில் மட்டுமே சில நிமிடங்கள் காணக்கிடைத்த காட்சியை, அக்கருவி நெடுநேரம் தொடர்ந்து காண வழி செய்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அந்த விண்கலம், 2024 சனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. காவலூர்த் தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்ட அதே சனவரி 6!

அன்பர்களே, அந்த விண்கலத் திட்டத்தின் இயக்குநர் ஒரு தமிழ்ப் பெண். அவர் பெயர் நிகர் ஷாஜி. தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை அவ்வூரிலேயே முடித்தவர். திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரியில் மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல் பயின்றார். பின்னர் இராஞ்சியை அடுத்த மெஸ்ராவிலுள்ள பிர்லா தொழில்நுட்ப நிறுவனத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1987 இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். முதலில் ஸ்ரீஹரிகோட்டா, பிறகு பெங்களூரு செயற்கைக்கோள் மையம் என்று முப்பத்தாறு ஆண்டுகள் படிப்படியாக உயர்ந்த பின்னரே ஆதித்யாவின் ஏவுநாளைக் கண்டார். ஒரே நாளில் வந்த புகழன்று அது.

அவருக்கு முன்னரும் இவ்வழியே நடந்தவர்கள் உண்டு. அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி 1984 இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். மேகம் சூழ்ந்தாலும் இருள் கவிந்தாலும் நிலத்தைப் படமெடுக்க வல்ல ரிசாட்-1 என்னும் ரேடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக விளங்கினார். 2012 ஏப்ரல் 26 அன்று அது விண்ணேறிற்று. தமிழ்நாடு அரசின் அப்துல் கலாம் விருதை 2015 இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. சென்னையைச் சேர்ந்த மு. வனிதா, 2019 சூலை 22 அன்று புறப்பட்ட சந்திரயான்-2 இன் திட்ட இயக்குநர். அதன் இறங்குகலம் நிலவில் மெல்லத் தரையிறங்கத் தவறியது உண்மை. ஆனால் சுற்றுகலம் தொடர்ந்து பணி செய்தது. 2023 இல் சந்திரயான்-3 இறங்கியபோது அதற்கும் துணை நின்றது.

இம்மூவர் வரலாற்றிலும் மாணவியர் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவர்கள் மூவருமே மின்னணுத் துறையினர். விண்கலம் என்பது ஒரே படிப்பினர் செய்யும் பொருளன்று. அதன் உடலைக் கட்டுவோர் இயந்திரப் பொறியாளர்; அதன் மூச்சாகிய மின்சாரத்தை அளிப்போர் மின்பொறியாளர்; பூமியோடு பேசவைப்போர் மின்னணுவியலார்; செல்லும் பாதையைக் கணிப்போர் கணிதவியலார். ஆகவே, 'விமானப் பொறியியல் என்னும் பெயர் கொண்ட படிப்பு கிடைத்தாலன்றி விண்வெளித் துறையில் நுழைய இயலாது' என்று எவரும் கலங்க வேண்டா. கணிதமும் இயற்பியலும் கைவந்தால் வாசல்கள் பல.

இனி நாம் சொல்ல வந்த முதன்மைக் கருத்துக்கு வருகிறோம்.

மேலே கூறிய பெண்கள் அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், உயர்ந்தவர் எவர் வாழ்வை எடுத்துப் பார்த்தாலும், தக்க வேளையில் கதவைத் திறந்துவிட்ட கை ஒன்று தென்படும். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1943 இல் பட்டம் பெற்று இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதா, 18 வயதில் கைக்குழந்தையுடன் கைம்பெண் ஆனவர். அவர் அக்கல்லூரிக்குள் நுழைய முடிந்தது எவ்வாறு? அவர் தந்தையார் அங்கேயே பேராசிரியராக இருந்தார். உள்ளே இருந்தவர் கதவைத் திறந்தார். இராமேசுவரத்து அப்துல் கலாம் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயில இடம் பெற்றபோது கட்டப் பணமில்லை. அவர் தமக்கை சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். நிகர் ஷாஜியின் தந்தையார் உழவர். ஆனால் கணிதம் பயின்ற பட்டதாரி. வீட்டிலேயே கணிதம் இருந்தது.

நம் பெண்களுக்கு உள்ளே இருந்து கதவைத் திறக்கும் தந்தை இல்லை. அடகு வைக்க வளையல் இல்லை. கணக்குச் சொல்லித் தரும் வீடும் இல்லை. இதை நாம் இரங்கல் மொழியாகச் சொல்லவில்லை; கணக்குப் பார்த்துச் சொல்கிறோம். இல்லாத அந்தக் கை எதுவோ, அக்கையாக இருப்பதே இச்சங்கத்தின் வேலை.

அவ்வாறு இல்லாவிடில் நேர்வது என்ன என்பதை இம்மலை நன்கறியும். 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி அம்மாநிலக் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர் பலரும், நம் ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். சேஷாசலமும் ஸ்ரீஹரிகோட்டாவும் நமக்கு வடக்கே, ஒரே திசையில், ஒரே மாநிலத்தில் உள்ளவை. ஓரிடத்திற்குத் தரகன் அழைத்துச் செல்கிறான். மற்றோரிடத்திற்குப் பள்ளிதான் அழைத்துச் செல்ல முடியும். சாமையும் கடுக்காயும் புளியும் தரும் வருவாய் போதாதபோது தரகன் முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்கிறான். பள்ளியோ வாசலுக்கு வருவதில்லை. இந்த வேறுபாட்டை யார் ஈடுசெய்வது?

நம்மால் இயலாது என்று சொல்ல இனி இடமில்லை. ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் நாடெங்கும் பரவிற்று. மணமாகி, குழந்தை பிறந்த சில நாள்களிலேயே சென்னை சென்று தேர்வெழுதியவர் அவர். அவருடைய கணவரும் தாயாரும் துணை நின்றனர். அங்கேயும் ஒரு கை இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அரசு தரும் உதவிகள் பல. பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944 இலேயே, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தோன்றியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை பயின்றோர்க்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021 இல் வந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் நலப் பள்ளிகளும் அதில் அடங்கும். 2022 செப்டம்பர் 5 இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் அளிக்கிறது. திருவனந்தபுரத்தில் 2007 இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் விண்வெளிப் பொறியியலே பட்டப்படிப்பாக உள்ளது. நமக்குரிய இடஒதுக்கீடும் அங்குண்டு.

இவ்வளவும் இருந்தும், நம் பெண் இடையில் நின்றுவிடுவது எங்கே? பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்பு தொடங்குவதற்கு இடைப்பட்ட அந்த இரண்டு மாதங்களில்! அந்த இரண்டு மாதங்களில்தான் 'படித்தது போதும்' என்ற சொல் பிறக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வருகின்றனர். திருப்பூர் ஆலைக்கு ஆள் எடுப்பவர் வருகிறார். தப்பித்துப் பள்ளிக்குச் செல்பவளும், 'கணக்கு உனக்கு வராது' என்று சொல்லப்பட்டு வேறு பிரிவில் அமர்த்தப்படுகிறாள். அப்போதே பொறியியற் கல்லூரியின் கதவு, அவள் அறியாமலே அடைபட்டுவிடுகிறது. பின்னர் 7.5 விழுக்காடு இருந்து யாருக்குப் பயன்?

ஆகவே, வரும் 25 ஆண்டுகளுக்கு மூன்று கடமைகளை இச்சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, சான்றிதழ். ஒன்பதாம் வகுப்பை முடிக்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இதற்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்திற்குப் பன்முறை நடக்கின்றன. அவர்களோடு சங்கத்து உறுப்பினர் ஒருவர் உடன் செல்லட்டும். சேரி வேறு, மலை வேறு என்று இவ்விடத்தில் நாம் எண்ணலாகாது.

இரண்டாவது, கணிதம். எட்டாம் வகுப்பு முதலே மாலையில் கணக்கு வகுப்பு நடக்க வேண்டும். நம்மில் பட்டம் பெற்ற இளைஞர் வாரத்தில் இரு மாலைகள் தந்தால் போதும். பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு, அப்பிரிவு உள்ள ஊரில் விடுதி இடம் பெற்றுத் தருவதும் இதில் சேரும்.

மூன்றாவது, பேச்சு. அந்த இரண்டு மாதங்களில் சங்கத்தினர் பெண் பிள்ளைகளின் வீடுதோறும் சென்று, பெற்றோருடன் அமர்ந்து பேச வேண்டும். தாய்மார்கள் சென்றால் இன்னும் நன்று.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். பொறியியற் கல்லூரியில் நேரே இடம் கிடைக்கவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். சந்திரயான்-3 இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே தொழிலாளியின் மகன். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றுத் தொடங்கியவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றோரையும் விண்வெளி நிறுவனம் பணிக்கு எடுக்கிறது.

மாணவியரே, தோல்வி கண்டு அஞ்ச வேண்டா. நாட்டின் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரின் பங்களிப்போடு உருவான ஆசாதிசாட் என்னும் சிறு செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7 அன்று புதிய இராக்கெட்டில் ஏறிற்று. உணர்கருவியில் ஏற்பட்ட கோளாற்றால் அது நிலைத்த பாதையை அடையாமல் வீழ்ந்தது. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, இரண்டாம் ஆசாதிசாட் உரிய பாதையில் சேர்ந்தது. உங்களைப் போன்றே அரசுப் பள்ளி வாங்குகளில் அமர்ந்த பெண்கள் அவர்கள்.

பொறுப்பு மாணவியருடையது மட்டுமன்று. பெரியோராகிய நம்முடையதே பெரிது. காவலூர்த் தொலைநோக்கி நம் மலையில் வந்து நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்கே காவல் காத்தும் கல் சுமந்தும் சமையல் செய்தும் நம் மக்கள் உழைத்துள்ளனர், அவ்வுழைப்பு இழிவன்று. எனினும் அடுத்த தலைமுறையில் அத்தொலைநோக்கியின் பின்னே அமர்ந்து வானை ஆய்பவளும், விண்கலத்தின் வரைபடத்தில் கையொப்பம் இடுபவளும் நம் வீட்டுப் பெண்ணாக இருத்தல் வேண்டும். இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பெண்களின் பெயர்ப் பட்டியலைச் செயலாளர் இன்றே எடுக்கட்டும். அப்பட்டியலில் ஒரு பெயரும் விடுபடாமல் பதினொன்றாம் வகுப்பில் சேர்ப்பதே இவ்வெள்ளி விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பு.