பச்சை முனையும் சிவப்பு விளக்கும்

(உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆய்வகத்தில் இணையம் நின்றால் ஒரு பாடவேளையே வீணாகிறது. இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பழுதுபார்ப்பவரைத் தேடுகிறோம். அவர் வருமுன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு.

பெட்டிக்குள் வரும் மெல்லிய வடத்தில் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளி. அதிலுள்ள ஒளியிழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. நாம் வகுப்பில் நடத்தும் முழு அக எதிரொளிப்பே ஒளியை அதனுள் நிறுத்துகிறது. வடத்தைக் கூர்மையாக மடித்தால் படுகோணம் குறைந்து ஒளி வெளியே கசியும். மீதமுள்ள வடத்தை உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றி வையுங்கள்.

வடத்தின் முனையில் இருப்பது கனெக்டர். அதன் நடுவில் வெண்ணிறப் பீங்கான் குச்சி, அதன் மையத்தில் இழை. நீலக் கனெக்டரில் குச்சியின் முனை சாய்வில்லாமல் மெருகிடப்பட்டிருக்கும். பச்சையில் 8 பாகை சாய்வு உண்டு. முனையில் எதிரொளிக்கும் ஒளி வந்த வழியே திரும்பித் தொல்லை தராமல் விலகவே அந்தச் சாய்வு. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் முனைகள் சரியாகப் பொருந்தாது. ஒளி வீணாகும், முனையும் கெடலாம்.

பெட்டியினுள் இருப்பது டிரான்ஸீவர். அதன் லேசர் டயோடு மின்துடிப்பை ஒளியாக்கி அனுப்பும். ஒளி உணரி, வரும் ஒளியை மின்துடிப்பாக்கும். பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் ஒரே இழையில் 1490 நானோமீட்டர் ஒளியில் தகவல் வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளியில் போகிறது. அலைநீளம் வேறு என்பதால் இரண்டும் கலப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்விரண்டும் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. கழன்ற முனையைக் கண்டால் பிள்ளைகள் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே கொண்டுபோவார்கள். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். தெரியாத ஒளியும் விழித்திரையைத் தாக்கக்கூடும்.

எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, வடம் மேசைக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டால் அழையுங்கள், "எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகிறது" என்றே சொல்லுங்கள். வருபவர் உரிய கருவியோடு வருவார்.

முனையை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். 9 மைக்ரோமீட்டர் வழியை அடைக்க ஒரு தூசு போதும். கழற்றிய கனெக்டருக்கு உடனே மூடியிடுங்கள்.

அடுத்த முறை ஒளியியல் பாடம் நடத்தும்போது மாணவர்களை அந்தப் பெட்டியின் முன் நிறுத்துங்கள். பாடநூலின் படம் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.