ஐவர் கூடித் தொழில் நடத்தும்போது

(சிகாமட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஐந்தாறு பேர் ஒன்றுசேர்ந்து ஒரு சிறு தொழிலை நடத்தும்போது, அவர்களுக்குத் தலைமை தாங்குபவர் எவ்வாறு நடந்துகொள்ளுதல் வேண்டும் என்பதைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறோம். இப்பொருளை நாமாகத் தேடிக்கொள்ளவில்லை. சென்ற முறை சிகாமட்டுக்கு வந்திருந்தபோது இளைஞர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். "ஐயா, நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சிறுதோட்டங்களை வாரத்துக்கு எடுத்துப் பால் வெட்டுகிறோம். ஓராண்டு ஆகிறது. வருமானம் குறையவில்லை. ஆனால் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு பேர் விலகப் போகிறார்கள். நான் என்ன தவறு செய்தேன்?" என்று கேட்டார். அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. அவருடைய இசைவைப் பெற்று, அவ்விடையை இங்கே நிறைவு செய்ய முயல்கிறோம்.

இது ஓர் இளைஞரின் கவலை மட்டுமன்று. ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபின், தோட்டத்து மக்களில் பலர் புல்வெட்டுக் குத்தகை, லோரிப் போக்குவரத்து, தையல், ஒட்டுக்கடை எனப் பல தொழில்களில் இறங்கியுள்ளனர். முதலீடு சிறிது, ஆட்கள் சிலரே. இத்தகைய குழு உடைந்தால், ஒரு நிறுவனம் நட்டப்படுவதுபோல் ஏட்டளவில் முடிந்துவிடாது. ஒரே வரிசையில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள் ஒன்றன் வீட்டுத் திருமணத்துக்கு மற்றொன்று போகாமல் நின்றுவிடும்.

தலைவர் என்றவுடன் நம்முடைய மனக்கண்முன் நிற்பவர் யார்? நம் பாட்டனார் காலத்தில் அவர் கங்காணி. கண்காணிப்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த அவருக்கு, வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று நாள்தோறும் கிடைத்தது. ஆகவே ஆள் எண்ணிக்கையே அவருடைய வருமானமாயிற்று. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை இவ்வாறு அனுப்புவதைத் தடை செய்தபின் கங்காணி ஆள் சேர்க்கும் முறை முடிவுக்கு வந்தது. அவருக்குப் பின் நாம் கண்டவர் மண்டோர். பெரட்டில் நின்று பெயர் கூப்பிடுவதும், நிரை பிரித்துக் கொடுப்பதும், வெட்டு ஆழத்தைப் பார்ப்பதும் அவர் கடமைகள். நல்ல மண்டோர்கள் பலர் இருந்தனர். எனினும் அவர்கள் அதிகாரம் மேலிருந்து, துரையிடமிருந்து வந்தது. நீங்கள் ஐவர் கூடித் தொழில் தொடங்கினால் உங்களுக்கு மேலே துரை இல்லை. தலைவரின் அதிகாரம் மற்ற நால்வரிடமிருந்தே வருகின்றது. அவர்கள் கொடுத்ததை அவர்களே எடுத்துக்கொள்ளவும் இயலும். மண்டோரைப் பார்த்துத் தலைமையைக் கற்றுக்கொண்டவர்கள் இடறி விழும் இடம் இதுதான்.

அந்த இளைஞரிடம் நாம் கேட்ட முதற்கேள்வி, "நிரையை யார் பிரிக்கிறார்?" என்பது. "நான்தான் ஐயா" என்றார். "உங்கள் நிரை எங்கே இருக்கிறது?" என்றோம். சற்றுத் தயங்கிவிட்டு, "ரோட்டு ஓரத்தில்" என்றார். அவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

சமதரை நிரைக்கும் மேட்டு நிரைக்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் விடியற்காலையில், நெற்றி விளக்குடன் வழுக்கும் சரிவில் ஏறி இறங்குபவருக்கே அது தெரியும். அப்படியானால் மாதந்தோறும் நிரையை மாற்றிக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பர். நாம் அதனை ஆதரிக்கவில்லை. மரம் நெடுநாள் தமதே என்றிருக்கும்போதுதான் வெட்டுபவர் பட்டையைப் பேணுவார். மாறிக்கொண்டே இருந்தால் உளி ஆழப் பாய்ந்து மரத்தில் காயம் பட்டாலும், அது யார் செய்தது என்று தெரியாது. காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அதைவிட, மேட்டு நிரைக்காரருக்குப் பங்கில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். எவ்வளவு என்பதை ஐவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நிரையைப் பிரிக்கும் வேளையில் மற்றவர்கள் எடுத்தது போக எஞ்சியதைத் தலைவர் எடுத்துக்கொள்ளட்டும். புல் வெட்டும் குழுவாயின் முட்செடி மண்டிய ஓரமும், கடையாயின் ஞாயிற்றுக்கிழமைக் காவலும் இவ்வாறே.

அடுத்தது கணக்கு. இதில் நாமே ஒரு தவறு செய்திருக்கிறோம். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் மாணவர் கூட்டுறவுக் கடையை நடத்தும் பொறுப்பு நமக்குக் கிடைத்தது. ஒரு காசும் பிசகாமல் கணக்கு எழுதினோம். எழுதிய புத்தகத்தை நம் மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினோம். ஆறு மாதம் சென்று, உடன் பணியாற்றிய ஓர் ஆசிரியை, "பேனா விற்ற இலாபம் எவ்வளவு?" என்று இயல்பாகவே கேட்டார். "என்மேல் சந்தேகமா?" என்று சினந்தோம். அன்று முதல் அவர் கடைப்பக்கம் வரவில்லை. உதவிக்கு நின்ற மாணவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தனர். நம் கணக்கில் பிழை இல்லை. அதைப் பூட்டி வைத்ததில்தான் பிழை. கணக்குக் கேட்பவர் நம்மைத் திருடன் என்று சொல்லவில்லை, தம் பங்கைப் பற்றித் தெரிந்துகொள்ளவே கேட்கிறார் என்பது நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பால் விற்பனையில் இது இன்னும் நுட்பமானது. கட்டிப்பாலுக்கு விலை நிர்ணயிக்கப்படுவது வெறும் எடையைக் கொண்டன்று. அதிலுள்ள உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் கொண்டு. ஈரம் மிகுந்தால் விலை குறையும். தலைவர் மட்டும் தனியே போய் விற்றுவிட்டு வந்து, "இன்று சதவீதம் குறைந்துவிட்டது" என்று சொன்னால், அது உண்மையாகவே இருப்பினும் ஒருவர் மனத்திலாவது முள் தைக்கும். ஆகவே விற்பனைக்கு இருவராகச் செல்லுங்கள். உடன் செல்பவர் முறைவைத்து மாறட்டும். எடை, சதவீதம், விலை மூன்றும் எழுதிய ரசீதை அன்றே எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஆணியில் மாட்டுங்கள். ஒட்டுப்பால் காசையும் விட்டுவிட வேண்டாம். சில்லறைதானே என்று விடும் காசுதான் பெரும் பூசலை மூட்டுகின்றது.

இந்த முறை புதியதன்று. இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பரில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சிலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பொருள்களே அங்கு இருந்தன. சரியான எடை, கலப்படமற்ற பொருள், ஒருவருக்கு ஒரு வாக்கு, உறுப்பினர் முன்னிலையில் கணக்கு என்பன அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகள். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தச் சிறு கடையையே தன் முன்னோடியாகக் கொண்டாடுகின்றது. நம் நாட்டுக்குக் கூட்டுறவுச் சட்டம் 1922-இல் வந்தது.

நம்மவரிடையே நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோரில் பலர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலையும் குடியிருந்த வீடும் ஒருசேரப் பறிபோயின. அந்நிலையில் 1960-இல், அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களை நேரில் கண்டு பேசி, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே சங்கம் முதன்முதல் வாங்கியது. அமைச்சர் ஒருவர் அலுவலகத்தில் இருந்தவாறே சுற்றறிக்கை விடுத்திருந்தால், நாள் சம்பளக்காரர் தம் பத்து வெள்ளியைக் கொடுத்திருப்பாரா என்பது ஐயமே. முகம் பார்த்துக் கேட்டார். முகம் பார்த்துக் கொடுத்தனர். 1979-இல் அவர் மறைந்தார். சங்கம் அவரோடு மறைந்துவிடவில்லை. இன்றும் இயங்கி வருகின்றது.

உங்கள் சிறு குழுவுக்கும் இக்கேள்வியை எழுப்பிப் பாருங்கள்: தலைவர் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தால் வேலை நடக்குமா? பால் வாங்கும் வியாபாரியின் தொலைபேசி எண், இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்கும் கடை, நிலச் சொந்தக்காரரிடம் பேசிய வாரக் கணக்கு ஆகிய யாவும் ஒருவர் தலைக்குள்ளேயே இருத்தல் ஆகாது. சிகாமட் மக்களுக்கு இதனைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? 2006-ஆம் ஆண்டு இறுதியிலும், 2011 தொடக்கத்திலும், 2023 மார்ச்சிலும் ஆறு கரைபுரண்டு வந்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். வெள்ளம் வரும் இரவில், புல்வெட்டும் இயந்திரங்களை மேட்டுக்கு ஏற்றத் தலைவரின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் குழு, இயந்திரங்களை இழக்கும்.

இனி, பலர் பேசக் கூச்சப்படும் ஒன்று. உடன் உழைப்பவர் உங்கள் பங்காளியா, உங்களிடம் சம்பளம் வாங்குபவரா? முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லி, எழுதி வைத்துவிடுங்கள். பங்காளி என்றால், வேறுவிதமாக உடன்பாடு செய்துகொள்ளாதவிடத்து, இலாபமும் நட்டமும் சமபங்கு என்று 1961-ஆம் ஆண்டின் பங்காளித்துவச் சட்டம் கூறுகின்றது. தொழிலாளி என்றால், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சேமநிதியும் சொக்சோவும் கட்ட வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் ஒரேயொரு தொழிலாளியை வைத்திருப்பவருக்கும் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தும். இலாபம் வரும்போது "நீ என் தொழிலாளி" என்றும், நட்டம் வரும்போது "நாமெல்லாம் பங்காளிகள்" என்றும் பேசும் தலைவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். தொழில் தொடங்கி 30 நாள்களுக்குள் அதனைப் பதிவு செய்வதும் சட்டத்தின் கட்டளையாகும்.

கண்டிக்க வேண்டிய வேளையும் வரும். பிந்தி வருபவர், கள்ளுக்கடையே கதியென்று கிடப்பவர், மங்கைக் கழுவாமல் விடுபவர் எந்தக் குழுவிலும் உண்டு. பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியவர் அந்த வலியை மறந்திருக்கமாட்டார். ஆகவே தனியே அழைத்துப் பேசுங்கள். அவர் மனைவி மக்கள் காதில் விழாதபடி பேசுங்கள். பாராட்டை மட்டும் பலர் முன்னிலையில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இளைஞர் இன்று இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார். நிரையை மறுபடி பிரித்ததாகவும், இப்போது தாம் மேட்டில் வெட்டுவதாகவும், ரசீதுகளை மாட்ட ஆணி அடித்துவிட்டதாகவும் நம்மிடம் தெரிவித்தார். விலகவிருந்த இருவரில் ஒருவர் அவர் அருகிலேயே அமர்ந்திருக்கிறார். மற்றவர் வரவில்லை. அவருடைய வீட்டுக்கு இன்று மாலை நேரில் செல்லப்போவதாக இளைஞர் கூறினார்.