ஆக்கியோன் பெயர்



ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைப்போர் கூறவேண்டியவை எட்டு என்பர் இலக்கண நூலார். அவற்றை நிரல்படுத்தும் நன்னூல் முதலில் வைப்பது ஆக்கியோன் பெயரை. நூற்பெயர்கூட அதற்குப் பின்னரே வருகிறது. இதைச் செய்தவர் யார் என்று அறிந்த பின்னரே, இது எதைப் பற்றியது, யாருக்கானது, என்ன பயன் தருவது என்ற வினாக்களுக்கு நாம் வருகிறோம்.

அந்தப் பெயர் தொலைந்துபோவதும் நம் இலக்கியத்தில் நிகழ்ந்ததுதான். குறுந்தொகையின் புகழ்பெற்ற பாடல் ஒன்றைப் பாடியவர் யாரென்று தெரியவில்லை. எனவே பாடலில் வரும் உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். அந்தப் பெயரை மறைத்தது பல நூற்றாண்டுக் காலம். இன்று அதே காரியத்தைச் செய்துமுடிக்க மூன்று நாட்கள் போதும்.

உயர்தர வகுப்பில் பயிலும் என் மாணவி ஒருத்தி, தன் பாட்டனாரின் மறைவைப் பற்றி எழுதிய கவிதையை முகநூலில் வெளியிட்டாள். ஒரு வாரத்துக்குள் அது இறுதி இரண்டு வரிகள் மாற்றப்பட்டு, வேறொருவர் பெயரைத் தாங்கி, அவளுடைய கைத்தொலைபேசிக்கே வந்து சேர்ந்தது. "சேர், இது என்னுடையது என்று நான் எங்கேயும் பதியவில்லையே, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அந்த வினாவுக்கான விடையே இன்றைய என் உரை.

பதியவேண்டிய தேவையே இல்லை என்பதுதான் முதல் விடை. நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் படைக்கப்பட்ட கணத்திலேயே அதற்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. அச்சேறினாலும், இணையத்தில் ஏறினாலும், கொப்பியில் கிடந்தாலும் அது ஆக்கியோனுடையதே. இந்த உரிமை இருவகைப்படும். ஒன்று, பிரதி செய்யவும் மொழிபெயர்க்கவும் விற்கவுமான பொருளாதார உரிமை. மற்றையது தார்மீக உரிமை. படைப்பில் தன் பெயர் இடம்பெற வேண்டும் என்று கோருவதும், விரும்பினால் புனைபெயரில் எழுதுவதும், தன் நற்பெயருக்கு ஊறு விளையும் வகையில் அது சிதைக்கப்படுவதை எதிர்ப்பதும் இதிலடங்கும். பொருளாதார உரிமையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலும் தார்மீக உரிமை ஆக்கியோனை விட்டு நீங்குவதில்லை.

கடல் கடந்தும் இந்த உரிமை செல்லும். இலக்கியப் படைப்புக்களைக் காக்கும் பேர்ண் சமவாயத்தில் இலங்கை 1959 ஆம் ஆண்டிலும் அமெரிக்கா 1989 ஆம் ஆண்டிலும் இணைந்தன. நாம் எழுதும் தளங்களுட் பல அமெரிக்க நிறுவனங்களுக்கு உரியவை. அந்நாட்டின் 1998 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உரிமையாளர் முறைப்படி முறையிட்டால் களவாடப்பட்ட ஆக்கத்தை அகற்றும் நடைமுறையை வகுத்துள்ளது. என் மாணவியும் அந்த வழியிலேயே முறையிட்டாள். கவிதை அகற்றப்பட்டது. அவளுக்குக் கைகொடுத்தவை இரண்டு: திகதியிட்டு எழுதிய கொப்பியும், அவளது பக்கத்தில் அழியாதிருந்த முதற் பதிவும். முறையிடுவோர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. முறையிட்டவரின் பெயரும் தொடர்பு விபரமும் எதிர்த்தரப்பாரிடம் போய்ச்சேரக்கூடும். இளம் பிள்ளைகள் பெரியவர்களைக் கலந்துகொண்டு இதனைச் செய்வதே நலம்.

இனி, எடுத்தாள்வோர் பக்கத்துக்கு வருவோம். விமர்சனம், கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காகப் பிறர் ஆக்கத்தை நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடந்தருகிறது. நூலொன்றை விமர்சிக்கும்போது நான்கு வரிகளை ஆசிரியர் பெயருடன் எடுத்துக்காட்டலாம். முழு நூலையும் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "தமிழ் வளர்க்கிறோம்" என்று சொல்வது நியாயமான பயன்பாடாகாது. ஆக்கியோன் மறைந்தபின் 70 ஆண்டுகள்வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். 1879 இல் மறைந்த நாவலரின் நூல்களை எவரும் வெளியிடலாம். 1961 இல் மறைந்த இலங்கையர்கோனின் கதைகளுக்கு 2031 ஆம் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அனுமதி கேட்க வேண்டும்.

உரிமையைப் பேசிய வாய் பொறுப்பையும் பேசவேண்டும். அச்சுக் காலத்தில் எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையே ஆசிரியர், ஒப்புநோக்குநர், அச்சகத்தார், பதிப்பாளர் எனப் பலர் நின்றனர். அவர்கள் சில வேளைகளில் தடையாக இருந்தார்கள். பல வேளைகளில் காவலாகவும் இருந்தார்கள். இணையத்தில் இவர்கள் அனைவருடைய வேலையையும் ஒற்றை விரல் செய்துவிடுகிறது. ஆகவே இவர்கள் அனைவருடைய பொறுப்பும் அந்த விரலின் மீதே விழுகிறது. அவதூறு 2002 ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் குற்றவியல் தவறாக இல்லை. எனினும் நட்டஈடு கோரும் குடியியல் வழக்குக்கு இடமுண்டு. "நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்" என்பது தப்பிக்கும் வழியாகாது. அவதூறை மீளச் சொல்வதும் வெளியிடுவதேயாகும்.

சட்டம் எழுத்தாளனை வருத்திய கதையும் உண்டு. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பிக்கு வாழ்வைத் தொட்டு எழுதிய சிறுகதையொன்றை முகநூலில் வெளியிட்டமைக்காக 2019 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டார். ஆகஸ்டில் பிணை கிடைக்கும்வரை அவர் சிறையிலிருந்தார். 2021 இலேயே அவ்விவகாரத்திலிருந்து விடுபட்டார். அவர்மீது பிரயோகிக்கப்பட்டது, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரால் 2007 இல் இயற்றப்பட்ட சட்டம். மனித உரிமைகளைக் காக்கப் பிறந்த சட்டமே ஒரு கதாசிரியனைக் கூண்டில் நிறுத்தியது. 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எழுதுவோர் பலர் அஞ்சியதற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம். பொய்யுரையைத் தடுப்பது வேறு. புனைவை அச்சுறுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை வற்புறுத்தவேண்டிய கடமை எழுதுவோருக்கு மட்டுமன்றி, வாசகர்களாகிய நமக்கும் உண்டு.

மூன்றாவது கவலை நிலைபேறு பற்றியது. ஓலைச்சுவடிகள் செல்லுக்கு இரையாவது கண்டு பதறிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். இணையத்துக்கும் செல்லுண்டு. இலவசமாக இடங்கொடுத்த ஜியோசிற்றீஸ் தளம் 2009 இல் மூடப்பட்டபோது, உலகெங்கும் எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. பாமினி எழுத்துருவில் இட்ட பழைய பக்கங்களோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுகின்றன. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் நமக்கு ஆறுதல். ஆனால் எல்லாவற்றையும் அவர்களே காப்பார்கள் என்று நாம் சும்மா இருக்கலாகாது.

எனவே எழுதும் அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். ஆக்கத்தின் கீழ்ப் பெயரையும் திகதியையும் இடுங்கள். ஒரு பிரதியை உங்கள் கணினியிலும், இன்னொன்றைத் தாளிலும் வையுங்கள். பிறர் எழுத்து பிடித்திருந்தால் வெட்டி ஒட்டாமல், அவருடைய பக்கத்தையே பகிருங்கள். பெயரும் கூடவே பயணிக்கும். வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உங்கள் கடவுச்சொல் இருக்குமிடத்தைச் சொல்லிவையுங்கள். 70 ஆண்டு உரிமையை வாரிசுக்குச் சட்டம் தந்துவிடும். எழுத்து இருக்கும் பெட்டியின் திறப்பை நீங்கள்தான் தரவேண்டும்.